ஆறு மில்லிமீட்டர் விலகல்: ஒற்றைக்கை ஸ்விங்ஆர்ம் பொருத்திய ஒரு வண்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இயங்கும் எங்கள் பட்டறையில் இரண்டு லேத்துகளும் ஒரு மில்லிங் இயந்திரமும் ஆர்கான் வெல்டிங் வசதியும் உள்ளன. அன்றாட வேலை மருந்து ஆலைகளுக்கும் விசைப்படகுகளுக்குமான உதிரிகளைக் கடைந்து கொடுப்பது. வண்டிகளை மாற்றி அமைக்கும் வேலையை ஆண்டுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் எடுப்பதில்லை.

ஓர் ஆனி மாதத் தொடக்கத்தில், கடலூர் முதுநகரைச் சேர்ந்த இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் தமது ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வண்டியோடும், டுகாட்டி மான்ஸ்டர் 796 வண்டியிலிருந்து கழற்றப்பட்ட ஒற்றைக்கை ஸ்விங்ஆர்ம், சக்கரம், ஷாக் ஆகியவற்றோடும் வந்தார். ஸ்விங்ஆர்ம் என்பது பின்சக்கரத்தைப் பிடித்து ஃப்ரேமோடு இணைக்கும், மேலும் கீழும் அசையும் கை. ஒற்றைக்கையில் சக்கரம் ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கும். உதிரிகளை வெளியூரில் விபத்து வண்டி ஒன்றைப் பிரித்து விற்றவரிடம் வாங்கியிருந்தார். வலப்பக்கம் எதுவும் மறைக்காமல் சக்கரம் முழுவதும் தெரிய வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

இந்த அமைப்பு நம் ஊருக்குப் புதியதன்று. பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரின் பின்சக்கரமும் ஒரு பக்கத்தில்தான் பிடிக்கப்பட்டிருந்தது. நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டியவர்கள் எல்லாரும் அதன் வசதியை அறிவார்கள். பந்தய வகைப் பெரிய வண்டிகளில் இது நீண்டதூரப் பந்தயத்தின் தேவையிலிருந்து வந்தது. சக்கரத்தை நொடிகளில் கழற்றி மாட்ட வேண்டியிருந்ததால், 1987இல் வந்த ஹோண்டா ஆர்சி30 பந்தயத்திலிருந்து இதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 1994இல் வந்த டுகாட்டி 916 இதை அழகின் அடையாளமாகவே ஆக்கிவிட்டது. ஆயினும் அதே டுகாட்டி நிறுவனம் 999இல் இரட்டைக்கைக்குத் திரும்பியது. 1098இல் மீண்டும் ஒற்றைக்கை வந்தது. 2025ஆம் ஆண்டின் பானிகாலே வி4இல் மறுபடியும் இரட்டைக்கை. ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு அதே உறுதியைத் தர வேண்டுமானால் உலோகம் கூடுதலாகத் தேவை. நாங்கள் தராசில் வைத்துப் பார்த்தபோது வந்த கை, கழற்றிய பழைய கையைவிட ஒன்றேகால் கிலோ கூடுதலாகவே இருந்தது. இதையெல்லாம் உரிமையாளரிடம் விளக்கினோம். அவர் கேட்டுக்கொண்டார், விருப்பத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வேலையை ஏற்கும் முன் எடுத்த முடிவு

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று தண்டனையையும் வகுத்தது. ஆகவே, இந்த வண்டி இனிப் பொதுச்சாலையில் ஓடாது, பந்தயத் தடத்துக்கு வேனில் ஏற்றித்தான் கொண்டுசெல்லப்படும் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்கினோம். கடலூர்ச் சாலையில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதற்கு நாங்கள் இசையவில்லை.

முதல் அளவு

இன்டர்செப்டரின் பின் டயர் 130/70-18 (முதல் எண் மி.மீட்டரில் டயரின் அகலம்). வந்த சக்கரத்தின் டயர் 180/55-17. விட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கணக்கிட்டால் புதிய சக்கரத்தின் ஆரம் ஐந்து மில்லிமீட்டர்தான் குறைவு. அகலத்தில்தான் சிக்கல். வண்டியின் நடுக்கோட்டிலிருந்து பார்த்தால் பழைய டயர் பக்கத்துக்கு 65 மி.மீ. மட்டுமே நீண்டது, புதியது 90 மி.மீ. நீள்கிறது. டயரில் உரசாமல் செயின் ஓட வேண்டுமென்றால் அது வெளியே தள்ளியிருக்க வேண்டும். வந்த கையில் பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) அதற்கேற்ற இடத்தில்தான் இருந்தது. ஆனால் எஞ்சினின் முன் ஸ்ப்ராக்கெட் பழைய டயருக்கேற்ற இடத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் 16 மி.மீ. வேறுபாடு.

இந்த 16 மி.மீட்டரை எங்கே கரைப்பது என்பதுதான் முழு வேலையின் மையக் கேள்வி. முன் ஸ்ப்ராக்கெட்டை வெளியே தள்ளினால், எஞ்சினின் வெளியீட்டுத் தண்டில் செயின் இழுக்கும் இடம் பேரிங்கிலிருந்து விலகுகிறது. வளைவு விசை கூடுகிறது. பத்து மி.மீ. வரை தள்ளலாம் என்று மதிப்பிட்டோம். மீதி ஆறு மி.மீட்டருக்கு, ஸ்விங்ஆர்மையே வலப்பக்கம் நகர்த்திப் பொருத்தினோம். பிவட்டின் (கை ஃப்ரேமோடு இணைந்து அசையும் மூட்டின்) இரு பக்கமும் வைக்கும் புஷ்களின் (உலோக வளையங்களின்) தடிமனை மாற்றிக் கடைந்தால் போதும் என்பதால் அது மிக எளிதான வழியாகத் தோன்றியது.

எங்கள் லேத்தில் முப்பது ஆண்டுகளாக நிற்கும் மூத்தவர், புஷ்ஷைக் கடைந்து கையில் எடுத்துவந்தபோது கேட்டார்: "தம்பி, இந்தப் பக்கம் பன்னெண்டு மில்லி தடிச்சிருக்கு. செயின் நேரா வர்றதுக்காகச் சக்கரத்தைத் தள்ளுறோம். சக்கரத்துக்கு யாரு நேரு பாக்குறது?"

அப்போது நான் சொன்ன பதில், முன் சக்கரமும் பின் சக்கரமும் இணையாக இருந்தால் ஆறு மி.மீ. விலகலை வண்டி பொறுத்துக்கொள்ளும் என்பது. இரண்டு அலுமினியச் சட்டங்களைப் பின் டயரின் இரு பக்கமும் அணைத்து முன் டயர் வரை நீட்டிப் பார்த்தோம். சக்கரங்கள் இணையாகத்தான் இருந்தன. ஒரு பக்கம் இடைவெளி கூடவும் மறுபக்கம் குறையவும் இருந்தது. இணைநிலையைக் கண்டு நிறைவடைந்தோம். அந்த அளவைக் குறிப்பேட்டில் 'சரி' என்று எழுதியதும் நானேதான்.

ஷாக்கின் மேல்பிடி

இன்டர்செப்டரில் இரண்டு ஷாக்குகள், சக்கர அச்சுக்கு அருகில், ஃப்ரேமின் பின்பகுதியில் மேலே பிடிக்கப்பட்டிருக்கும். ஓட்டுநரோடு சேர்த்துப் பின்சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 150 கிலோ பாரம் இருந்தால், ஒவ்வொரு ஷாக்கும் சுமார் 80 கிலோவைத் தாங்குகிறது. ஒற்றை ஷாக் அமைப்பில் இந்தக் கணக்கே வேறு. எங்கள் அளவில் பிவட்டிலிருந்து அச்சு 520 மி.மீ. தொலைவிலும், ஷாக்கின் விசைக்கோடு பிவட்டிலிருந்து 205 மி.மீ. தொலைவிலும் இருந்தன. நெம்புகோல் விகிதம் இரண்டரை. வண்டி அசையாமல் நிற்கும்போதே ஷாக்கின் மேல்பிடியில் 380 கிலோ தள்ளுகிறது. ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது மும்மடங்கு என்று வைத்தால் ஒரு டன்னைத் தாண்டுகிறது. இந்த விசை, தயாரிப்பாளர் எந்தப் பாரத்தையும் எதிர்பார்க்காத இடத்தில், ஃப்ரேமின் நடுவில் விழுகிறது.

இந்தக் கணக்கை முதல் கட்டத்தில் போட்டிருக்க வேண்டும். நாங்கள் போட்டது ஃப்ரேமைப் பிரித்த பிறகுதான். முதலில் ஓர் அங்குல விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள குறுக்குக் குழாயை இரு பக்கக் குழாய்களுக்கும் இடையே வைத்து, அதன் நடுவில் பிடியை வெல்டிங் செய்தோம். பார்வைக்கு வெல்டிங் சீராகவும் அழகாகவும் இருந்தது. பிரேக், பின்விளக்கு, மட்கார்டு ஆகியவை சிக்கல் தரவில்லை.

சக்கர நட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றைக்கையில் முழுச் சக்கரமும் ஒரே பெரிய நட்டில் நிற்கிறது. கார் சக்கர நட்டுக்குப் போடுவதைவிடப் பெரிய முறுக்கு அதற்குத் தேவை. நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி மிதித்து இறுக்கும் வழக்கத்தை இங்கே அனுமதிக்கவே கூடாது. லாரி ஷெட் ஒன்றிலிருந்து பெரிய டார்க் ரெஞ்சை வாங்கிவந்து, தயாரிப்பாளர் கையேட்டின் அளவுக்கு இறுக்கி, பூட்டு ஊசியையும் போட்டோம்.

தடத்தில் கண்டவை

ஆவணி மாதத்தில் வண்டியைச் சிறு வேனில் ஏற்றி, 3.7 கி.மீ. நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுசென்றோம். முதல் நாள் 24 சுற்றுகள். உரிமையாளர் இறங்கியதும் சொன்னார்: "அண்ணே, நேர்ல போகும்போது ஒரு பக்கமா இழுக்குது. வலது வளைவுல ஒரு மாதிரி, இடது வளைவுல ஒரு மாதிரி இருக்கு." டயர் புதியது, இன்னும் படியவில்லை என்று கருதி, காற்றழுத்தத்தை மட்டும் மாற்றினோம். அவர் சொன்னது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. அதற்கு எதிரே நடவடிக்கை எதுவும் எழுதப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் முறை. பதினான்காம் சுற்றில் அவர் கையை உயர்த்தியபடி மெதுவாக உள்ளே வந்தார். நேர்ப்பாதையில் நூறு கி.மீ. வேகத்தை நெருங்கும்போது சிறு மேடு ஒன்றைக் கடந்ததும், வண்டியின் பின்பகுதி இடமும் வலமுமாக, நொடிக்கு இரண்டு மூன்று முறை அலையத் தொடங்கி, வேகத்தைக் குறைத்த பிறகே அடங்கியது என்றார். ஹேண்டில்பார் வெடவெடவென்று நடுங்குவது முன்பக்கக் கோளாறு. இப்படி நிதானமாக முழு வண்டியும் நெளிவது பெரும்பாலும் பின்பக்க உறுதி தளர்ந்ததன் அறிகுறி. ஸ்டியரிங் பேரிங்கைச் சற்று இறுக்கி இன்னொரு சுற்று பார்க்கலாம் என்று உடன்வந்த நண்பர் ஒருவர் சொன்னார். அந்த யோசனையை ஏற்காமல், வண்டியை அப்போதே வேனில் ஏற்றினோம். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் தயக்கமின்றிச் சரி என்று நான் இன்றும் சொல்லக்கூடியது அதுதான். ஷாக்கின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து தூசி படிந்திருந்ததை வேனில் கட்டும்போதுதான் கவனித்தோம்.

பிரித்துப் பார்த்தபோது

பட்டறையில் மேல்பிடியின் பெயிண்டைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தோம். வலப்பக்க வெல்டிங்கில் எதுவும் தெரியவில்லை. இடப்பக்கத்தில், வெல்டிங் முடிந்து குழாய் தொடங்கும் ஓரத்தில், முதலில் ஊசிமுனைபோல ஒரு சிவப்புப் புள்ளி எழுந்தது. பிறகு அதன் இரு பக்கமும் கோடு நீண்டுகொண்டே போனது. வெர்னியரில் 22 மி.மீ. மொத்தம் 140 கி.மீ. ஓட்டத்தில் இவ்வளவு.

ஏன் ஒரு பக்கம் மட்டும் என்ற கேள்வியே எங்களை மூலக்காரணத்துக்குக் கொண்டுசென்றது. ஷாக்கின் கீழ்முனைப் பிடி ஸ்விங்ஆர்மில் இருக்கிறது. கை ஆறு மி.மீ. வலப்பக்கம் நகர்ந்தபோது அதுவும் நகர்ந்துவிட்டது. மேல்பிடியையோ நாங்கள் ஃப்ரேமின் நடுவில் வைத்திருந்தோம். ஆக ஷாக் சாய்வாக நின்றது. ஒவ்வொரு அமுக்கத்திலும் தண்டு பக்கவாட்டில் தள்ளப்பட்டு எண்ணெய் சீல் தேய்ந்தது. மேல்பிடி முறுக்கப்பட்டு இடப்பக்க வெல்டிங் இழுபட்டது. மெல்லிய குறுக்குக் குழாயும் அதற்கு இடம் கொடுத்தது. வண்டி ஒரு பக்கம் இழுத்ததும், ஷாக் கசிந்ததும், பிடி விரிந்ததும், பின்பகுதி அலைந்ததும் அந்த ஆறு மில்லிமீட்டரில் தொடங்கிய ஒரே சங்கிலி.

பிவட் தண்டிலும் குறை இருந்தது. நாங்கள் கடைந்த தண்டுக்கும் பேரிங்கின் உள்வளையத்துக்கும் இடையே டயல் கேஜ் 0.15 மி.மீ. ஆட்டம் காட்டியது. இரட்டைக்கையில் இதன் விளைவு ஓரளவு சமனாகிவிடும். ஒற்றைக்கையிலோ சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்பதால் கையே முறுக்கப்படுகிறது. பிவட்டின் சிறு ஆட்டமும் சக்கரத்தில் பெரிதாகத் தெரியும்.

இரண்டாம் முறை

ஐப்பசி மழையில் தொழிற்பேட்டையில் மின்தடையும் நீர்த்தேக்கமும் வேலையைப் பலமுறை நிறுத்தின. அந்த இடைவெளியில் அளவெடுக்கும் முறையை முற்றிலும் மாற்றினோம். டயர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ஃப்ரேமையே ஆதாரமாகக் கொண்டோம். சீர்செய்த எச் வடிவ இரும்புத் தூலத்தின் மேல் ஃப்ரேமை நிறுத்தி, ஸ்டியரிங் தலையில் மேலும் கீழும் கூம்புகளைச் செருகி அதன் அச்சைக் கண்டோம். பிவட்டில் நேர்த்தண்டைச் செலுத்தி அதன் நடுப்புள்ளியைக் குறித்தோம். இவ்விரண்டையும் இணைக்கும் தளமே வண்டியின் உண்மையான நடு. முதுநகர் மீனவர்கள் பயன்படுத்தும் தங்கூசி நரம்பை அந்தத் தளத்தில் இழுத்துக் கட்டி, முனையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சக்கர விளிம்பின் நடு அதற்கு நேர்க்கீழே வரும்வரை புஷ்களைத் திரும்பக் கடைந்தார் மூத்தவர். நான்கு முறை மாட்டிக் கழற்றினார். முடிவில் விலகல் அரை மி.மீட்டருக்குள் நின்றது.

சக்கரம் நடுவுக்கு வந்ததும் 16 மி.மீ. முழுவதும் மீண்டும் செயினின் பக்கம் வந்தது. இம்முறை முன் ஸ்ப்ராக்கெட்டை முழு அளவும் வெளியே தள்ளினோம். அதற்காக வெளியீட்டுத் தண்டின் முனையில் ஒரு நீட்டிப்பைப் பொருத்தி, அதன் வெளி முனையை 12 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகட்டில் அமர்ந்த 6203 பேரிங்கில் தாங்கவைத்தோம். தகட்டை எஞ்சினின் போல்ட்டுகளிலேயே பிடித்தோம். இங்கே கவனம் தேவை. வெளிப்பேரிங் தண்டுக்கு நேராக அமையவில்லை என்றால் அது தாங்குவதற்குப் பதிலாகத் தண்டை வளைத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட பேரிங் இல்லாமலிருப்பதே மேல். தகட்டின் துளைகளை முதலில் தளர்வாகப் போட்டு, டயல் கேஜில் 0.04 மி.மீ. வரும்வரை தட்டிச் சரிசெய்து, பிறகே நிலைப்பின் அடித்தோம்.

மேல்பிடிக்கு 32 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. சுவரும் உள்ள மூட்டில்லாக் குழாய். அதிலிருந்து ஃப்ரேமின் முதுகுக் குழாய்க்கு இரண்டு சாய்வுத் தாங்கிகள். விசை வளைவாக இல்லாமல் நேராகக் குழாயின் நீளவாக்கில் போக வேண்டும் என்பதே நோக்கம். பிவட் தண்டை இஎன்24 எஃகில் கடைந்து, தேய்த்து, ஆட்டத்தை 0.03 மி.மீட்டருக்குக் குறைத்தோம். கடற்கரை ஊர் என்பதால், அலுமினியமும் எஃகும் சேரும் இடங்களில் உப்புக்காற்றுப் பட்டு அரித்து ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தடுப்புப் பசையும் பூசினோம்.

இன்னொரு குறையையும் அப்போதே கண்டோம். இந்தக் கையில் செயினை இறுக்குவது நடு விலகிய உருளையைச் சுழற்றித்தான். சுழற்றும்போது அச்சு பின்னால் மட்டும் போவதில்லை. மேலோ கீழோ சேர்ந்து நகர்கிறது. முதல் முறை உருளையை எந்த நிலையில் வைத்தோம் என்பதே பதிவில் இல்லை. வண்டியின் பின் உயரம் அதனால் எவ்வளவு மாறியது என்று இப்போது சொல்ல வழியில்லை. இரண்டாம் முறை உருளையின் நிலையைக் குறியிட்டுவிட்டு, அதன்பிறகே ஷாக்கின் நீளத்தை வைத்தோம்.

பின்விளைவு

தை மாதத்தில் மீண்டும் தடம். இம்முறை ஆறு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, மேல்பிடியின் வெல்டிங்கையும் சக்கர நட்டின் குறியையும் வெளிப்பேரிங்கின் சூட்டையும் பார்த்தோம். முதல் நாள் முப்பது சுற்றுகள். இழுப்பு இல்லை, அதே மேட்டைக் கடந்தும் வண்டி அலையவில்லை. ஷாக்கின் புதிய சீல் உலர்ந்தே இருந்தது. அதன்பின் மூன்று தட நாட்கள் கடந்துள்ளன. ஒவ்வொன்றுக்குப் பிறகும் சாயச் சோதனை செய்கிறோம். விரிசல் இல்லை. வெளிப்பேரிங் மட்டும் இரண்டாம் நாளுக்குப் பிறகு சற்றுக் கரகரத்ததால் மாற்றப்பட்டது. செயினின் தூசி அதற்குள் புகுந்திருந்தது. ரப்பர் மூடியுள்ள பேரிங்கைப் போட்டபின் அந்தத் தொல்லை தொடரவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே வேலை இன்னொரு முறை வந்தால், கையை வாங்கும் முன்பே டயர் அகலத்திலிருந்து தொடங்குவோம். 180 டயர் இல்லாமல், குறுகிய விளிம்புள்ள சக்கரத்தோடு வரும் ஒற்றைக்கை கிடைத்தால் 16 மி.மீ. சிக்கலில் பெரும்பகுதி எழவே எழாது. உரிமையாளர் உதிரிகளை வாங்கிவிட்டு வருவதற்குப் பதிலாக, வாங்கும் முன் ஒரு நாள் ஃப்ரேமை அளக்கக் கொடுத்திருந்தால் அவருக்கு இரண்டு மாதமும் கணிசமான பணமும் மிஞ்சியிருக்கும். முதல் நாள் அவர் சொன்ன இழுப்புக்குக் குறிப்பேட்டில் ஒரு நடவடிக்கை எழுதப்படும்வரை வண்டியை இரண்டாம் முறை தடத்துக்கு ஏற்றியிருக்கக் கூடாது. புஷ்ஷோடு வந்து மூத்தவர் கேட்ட கேள்விக்கு நான் வாயால் பதில் சொல்லாமல், நூல் பிடித்து அளந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்.

மேல்பிடியையும் இனி வெல்டிங்கில் வைக்க மாட்டோம். பழைய ஸ்விங்ஆர்ம், இரண்டு ஷாக்குகள், ஆரக்கால் சக்கரம் அனைத்தையும் கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி, உரிமையாளர் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறார். ஆயினும் ஃப்ரேமில் நாங்கள் ஒட்டிய குழாய்கள் இருக்கும்வரை அந்த வண்டி பதிவுச் சான்றில் உள்ள வடிவத்துக்குத் திரும்ப முடியாது. எஞ்சின் போல்ட்டுகளையும் பழைய ஷாக் பிடிகளையும் ஆதாரமாகக் கொண்டு முழுக்க போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடிய ஒரு தாங்கியின் வரைபடத்தை மூத்தவர் இப்போது அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.